கொலுப்படியின் கீழே ஒரு ரயில் நிலையம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. ஏ.ஐ. செயலிகளிடம் சொல்லி வரைந்து வாங்கிய படங்களைப் பார்த்துக் கையால் சிற்றுருவங்களும் மாதிரி ரயில் காட்சிகளும் செய்ய முற்பட்டவர்கள், செய்துகொண்டிருக்கையில் திகைத்து நின்றவர்கள், செய்து முடித்தும் மனம் நிறையாதவர்கள் எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குக் கீழே ஆண்டுதோறும் பூங்கா அமைப்போம். இவ்வாண்டு நீலகிரி மலை ரயிலை வைக்க விரும்பி, 'மூடுபனிக்கிடையே குன்னூருக்கு ஏறும் நீராவி ரயில்' என்று ஏ.ஐ. செயலியிடம் கேட்டேன். மிக அழகான படம் வந்தது. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். என்ன தவறு என்று கேட்டால், 'நீயே கண்டுபிடியம்மா' என்கிறார். நீங்களாவது சொல்லக் கூடாதா? (ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி)

நீங்கள் இணைத்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உங்கள் மாமனார் முதலில் இன்ஜின் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார். படத்தில் இன்ஜின் முன்னால் நின்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலையேறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டியிலோ இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமாக, அதாவது வண்டியின் கடைசியில் நின்று தள்ளும். நடுவழியில் இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் தனியே உருண்டு இறங்கிவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. இன்ஜின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்வழி தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் உள்ள சிறு மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பச்சை, சிவப்புக் கொடிகளால் அவருக்குச் சைகை காட்டுவார். உங்கள் கொலுவில் வைக்க ஒரே ஒரு சிற்றுருவம் செய்ய நேரம் கிடைக்குமானால், அந்தக் கொடிக்காரரையே செய்யுங்கள். மாமனார் சிரிப்பதை நிறுத்திவிடுவார்.

அடுத்தது தண்டவாளம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் அமையும்படி ஓடுகின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பட்டைகளைக் கவ்விப் பிடிப்பதனால்தான் பன்னிரண்டரை அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் அந்த ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் போகிறது. உங்கள் படத்தில் நடுவே ஏதோ ஒரு கோடு போகத்தான் செய்கிறது. ஆனால் வளைவை அடைந்ததும் அது இடப்பக்கத் தண்டவாளத்தோடு கலந்து மறைந்துவிடுகிறது.

இவ்வளவு அழகாக வரையத் தெரிந்த செயலிக்கு இது ஏன் தெரியவில்லை என்றால், அது ரயிலைப் பார்த்து வரைவதில்லை. விளக்கக் குறிப்புகளோடு கூடிய எண்ணற்ற படங்களால் பயிற்சி பெற்று, வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, அதைப் படிப்படியாகத் துலக்கி, நாம் சொன்ன சொற்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு படத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. உலகத்தில் எடுக்கப்பட்ட நீராவி ரயில் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இன்ஜின் முன்னால்தான் இருக்கும். எனவே செயலியும் அங்கேதான் வைக்கும். எது எதைத் தள்ளுகிறது, எது எதைக் கவ்வுகிறது என்ற கணக்கு அதனிடம் இல்லை.

அதற்காகப் படத்தைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை நிறைய உள்ளன: முன்மலை கரும்பச்சையாகவும், அடுத்தது நீலம் கலந்தும், அதற்கும் பின்னால் உள்ளது ஏறத்தாழ வெண்மையாகவும் மங்கிச் செல்லும் முறை, வண்டி படத்தின் குறுக்கே சாய்கோடாக ஏறும் அமைப்பு, இடப்பக்கத்திலிருந்து விழும் காலை வெயில். இவற்றைப் பின்திரைக்கும் விளக்கு அமைப்பதற்கும் அப்படியே பின்பற்றலாம். இன்ஜின், பெட்டி, தண்டவாளம், பாலம் ஆகியவற்றுக்கு மட்டும் புகைப்படங்களைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்ற பாதை என்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. உண்மையான ஏற்றத்தை மாதிரியிலும் கொண்டுவந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 8 சென்டிமீட்டர் உயர வேண்டும். பல் இல்லாத விளையாட்டு இன்ஜின் அதில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றும். சாதாரண மாதிரி ரயில் பாதைகளில் மீட்டருக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம் வைப்பதில்லை. எனவே மலைச்சரிவில் ஓர் அசையாத வண்டியை நிறுத்திவிட்டு, அடிவாரத்தில் சமதளமான வட்டப் பாதையில் ஓடும் வண்டியை விடுங்கள். மலைக்குக் கம்பி வலையின்மேல் மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாள் போதும். தேயிலைச் செடிகளுக்குப் பச்சைச் சாயமேற்றிய ஸ்பாஞ்சுத் துண்டுகள், தரைக்கு நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த தேயிலைச் சக்கை. தேயிலைத் தோட்டத்துக்குத் தேயிலைச் சக்கையே மண்ணாக அமைவது எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம்.

ஹெச்.ஓ. அளவு ரயில் ஒன்றை வாங்கினேன். பிளாட்பாரத்தில் நிற்கும் பயணிகளை ஏ.ஐ. படத்தைப் பார்த்து நானே செய்தேன். படத்தில் எல்லாம் பொருத்தமாக இருக்கிறது. பெட்டியின் அருகில் நிறுத்தினால் பயணிகளின் தலை கூரையைத் தொடுகிறது. (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

படத்திலிருந்து அளவெடுத்ததுதான் காரணம். 'மினியேச்சர் ரயில் நிலையம்' என்று கேட்டால் செயலி பொம்மைகளின் சாயலைத்தான் தரும்: தலை பெரிதாக, கால் குட்டையாக, முன்னாலும் பின்னாலும் மங்கலாக. அந்த மங்கல்தான் நம் கண்ணை ஏமாற்றுகிறது. சிறு பொருள்களை மிக அருகிலிருந்து படமெடுத்தால் ஒரு சிறு பகுதி மட்டுமே தெளிவாக விழும் என்பதால், மங்கலைக் கண்டதும் எல்லாம் ஒரே அளவில் சிறியவை என்று மனம் நம்பிவிடுகிறது.

ஹெச்.ஓ. (HO) என்பது மாதிரி ரயில்களின் அளவுகளில் ஒன்று; 1:87, அதாவது உண்மையில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதன்படி 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் சுமார் 19.5 மில்லிமீட்டர், 120 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறுவன் 14 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு, இரண்டு மீட்டர் உயரமுள்ள கதவு 23 மில்லிமீட்டர். 'N' அளவு எனப்படும் 1:160-இல் அதே மனிதர் 10.6 மில்லிமீட்டர்தான். ஓர் அட்டைத் துண்டில் 19.5, 14, 23 என்று மூன்று கோடுகளைக் கீறி மேசையில் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பொம்மையையும் செய்யும்போதே அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். எலும்புக்கூட்டுக்கு மின்கம்பியின் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் இரண்டு மூன்றை முறுக்கிக்கொண்டால் போதும்; அதன்மேல் எம்-சீல் போன்ற இரண்டு பாகப் பசையைக் கடுகளவு கடுகளவாக வைத்துத் தையல் ஊசியால் வடிவம் கொடுக்க வேண்டும். பிசைந்த சிறிது நேரத்தில் அது இறுகத் தொடங்கிவிடுவதால் இரண்டு பொம்மைக்கு மேல் ஒரே சமயத்தில் தொடாதீர்கள்.

நம் நாட்டு ரயில்களைச் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்; அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்துவது. நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் அதே அளவில் 19.3 மில்லிமீட்டர் தேவை. கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம் பெட்டியை ஏற்றினால் அது ஒடுங்கிய கால்களின்மேல் நிற்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். மீட்டர் பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்திவிடும்.

கொலுவில் வைப்பதற்காகத்தான் செய்கிறீர்கள் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். செட்டியார் தம் கடையைவிடவும், அருகிலுள்ள கோபுரத்தைவிடவும் பெரியவராக உட்கார்ந்திருப்பதை நாம் காலங்காலமாக ஏற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

என் தாத்தா ஒரு சிறிய ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவருடைய புகைப்படத்தைக் கூகுளின் ஜெமினி ஏ.ஐ. செயலியில் ஏற்றி, எல்லாரும் செய்ததுபோல் மேசைமேல் நிற்கும் சிலையாக மாற்றினேன். அதை அப்படியே களிமண்ணில் செய்து பாட்டிக்குக் கொடுக்க ஆசை. (சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

2025 செப்டம்பரில் பரவிய அந்த வழக்கத்தில் பலரும் ஒட்டிக்கொண்ட கட்டளையிலேயே '1/7 அளவு' என்ற சொல் இருந்தது. பொருள் புரியாமல் பயன்படுத்தியவர்களே அதிகம். உங்கள் தாத்தா 170 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சிலை சுமார் 24 சென்டிமீட்டர் உயரம். தலை மட்டும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அளவில் முகச்சாயலைக் கொண்டுவர முடியும், ஆனால் முதல் முயற்சியிலேயே வராது. ரயில் காட்சியில் வைக்க ஹெச்.ஓ. அளவில் செய்தாலோ தலை முழுவதும் இரண்டரை மில்லிமீட்டர். அதில் மூக்கும் மீசையும் தூரிகையின் இரண்டு புள்ளிகள்தான். அங்கே தாத்தாவைத் தாத்தாவாகக் காட்டுவது அவர் நிற்கும் விதம்: ஒரு தோள் சற்றுச் சரிந்திருக்குமா, கையைப் பின்னால் கட்டிக்கொள்வாரா, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரா என்பவையே. இதையெல்லாம் செயலியிடம் கேட்க முடியாது, பாட்டியிடம் கேளுங்கள்.

செயலி தந்த படத்தைப் பழைய புகைப்படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முகச்சுருக்கங்களை வழித்துவிட்டிருக்கிறது. சீருடையில் இல்லாத பொத்தான் வரிசை ஒன்றைச் சேர்த்திருக்கிறது. சட்டைப் பையின்மேல் எந்த மொழியிலும் இல்லாத எழுத்தில் ஒரு பட்டை இருக்கிறது. பின்பக்கம் எப்படி என்ற கேள்விக்கு ஒற்றைப் படத்தில் விடையே கிடையாது. முன், பக்கம், பின் என்று மூன்று தோற்றங்களையும் கேட்டு வாங்கலாம். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். புடவை கட்டிய பெண் உருவத்துக்கு இப்படிக் கேட்டபோது, முன்தோற்றத்தில் இடத்தோளில் கிடந்த முந்தானை பின்தோற்றத்தில் வலத்தோளுக்குப் போய்விட்டதை நான் கண்டிருக்கிறேன். பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கியைக் கேட்டபோது கொசுவத்தை முன்னால் வைத்தே தந்தது. இதைவிட எளிய வழி ஒன்றுண்டு: வீட்டில் யாரையாவது தாத்தாவைப்போல் நிற்கச் சொல்லி, இடுப்பு உயரத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். உடலின் மடிப்பும் சட்டையின் சுருக்கமும் அதிலிருந்து. வெளிச்சமும் நிறமும் வேண்டுமானால் செயலியிடமிருந்து.

கையில் கொடி மட்டும் கொடுத்தால் போதாது என்பது என் கருத்து. அவர் பணியாற்றியது ஒற்றைப் பாதை ஊராக இருந்திருந்தால், ஓட்டுநரிடம் டோக்கனைக் கொடுப்பதற்கான பெரிய பிரம்பு வளையம் அந்த நிலையத்தில் இருந்திருக்கும். எதிர்த்திசையில் வேறு வண்டி வராது என்பதற்கு அந்த டோக்கன்தான் உறுதி. செப்புக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து அருகிலுள்ள சுவரில் மாட்டிவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். உயிரோடிருக்கும் உறவினர்களின் படத்தை இவ்வாறு ஏற்றுவதாக இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பரம்பரையாகப் பொம்மை செய்கிறோம். இப்போது வருகிறவர்கள் கைபேசியில் ஏ.ஐ. படத்தைக் காட்டி 'இதேபோல் வேண்டும்' என்கிறார்கள். செய்து கொடுத்தால் 'படத்தில் உள்ளதுபோல் இல்லையே' என்று பணத்தைக் குறைக்கிறார்கள். (மதுரை விளாச்சேரியிலிருந்து ஒரு கைவினைஞர்)

உங்கள் கடிதம்தான் இந்த மாதக் கடிதங்களிலேயே என்னை அதிகம் வருத்தியது. அந்தப் படத்துக்கு எடை கிடையாது, ஈரம் கிடையாது, சூளை கிடையாது. ஒற்றைக் கால் விரலில் முழு உடலையும் தாங்கி ஆடும் கண்ணனும், தோளைத் தொடாமல் காற்றில் மிதக்கும் மாலையும், முடியளவு மெல்லிய விரல்களும் திரையில் நிற்கும். மண்ணில் காயும்போதே விரிசல் விடும். இரண்டு துண்டு அச்சில் எடுப்பதானால் கொக்கிபோல் உள்ளே மாட்டிக்கொள்ளும் வளைவு ஒன்று இருந்தாலும் பொம்மை அச்சைவிட்டு வெளியே வராது. இது உங்களுக்குத் தெரியும். படத்தை நீட்டுபவருக்குத் தெரியாது.

ஆகவே படத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். அரை மணி நேரத்தில் கைப்பிடி மண்ணில் ஒரு முன்மாதிரி பிடித்து, கையை எங்கே உடலோடு ஒட்ட வேண்டும், பின்னால் எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அதிலேயே காட்டி, அதைப் படமெடுத்து அனுப்பி, 'இதுதான் நான் செய்யப்போவது' என்று ஒப்புதலும் முன்பணமும் பெற்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள். பேரம் அதன்பிறகு அந்த மண்ணைப் பற்றியதாக இருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவரின் தட்டையான ஓவியத்தை முப்பரிமாண உருவமாக்கும் உரிமையும் அந்த ஓவியத்தின் உரிமையாளருக்கே உரியது. எனவே வாடிக்கையாளர் கொண்டுவரும் படம், பெயர்பெற்ற கார்ட்டூன் பாத்திரத்தையோ இன்னொரு ஓவியரின் படைப்பையோ அச்சு அசலாக ஒத்திருந்தால், 'கணினி வரைந்தது' என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது. விற்பனைக்காகச் செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். கணினியால் உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்ற விதி 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. இன்றைய படச் செயலிகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு எழுதிய வரி அது. அதை நம்பி ஒரு வியாபாரத்தை அமைக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

பாம்பன் பாலத்தை மாதிரியாகச் செய்ய எண்ணி ஏ.ஐ. படம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாலம் வருகிறது. (ராமநாதபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

பழையதையும் புதியதையும் கலந்து தருகிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் செல்லும் பகுதி இரண்டு இமைகள் திறப்பதுபோல் இருபுறமும் மேலெழுந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு, இரு கோபுரங்களுக்கிடையே படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் வரை உயர்கிறது. எந்தப் பாலம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம் முழுவதையும் ஹெச்.ஓ. அளவில் செய்தால் 23 மீட்டருக்குக் குறையாது; உங்கள் தெருவில்தான் வைக்க வேண்டியிருக்கும். தூக்குப் பகுதியை மட்டும் செய்தால் 83 சென்டிமீட்டர், 'N' அளவில் 45 சென்டிமீட்டர். ஒரு மேசைக்குள் அடங்கிவிடும். இந்தப் பாலத்தை நாம் பெரும்பாலும் பக்கத்துச் சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தே பழகியிருக்கிறோம் என்பதால், மேசையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமைத்தால் தோற்றம் இயல்பாக இருக்கும்.

இலங்கையின் பண்டாரவளையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கும் இதுவே பதில். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கேட்டால் செயலி ஏழோ பதினொன்றோ தருவது புதிதில்லை. எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். 91 மீட்டர் பாலம் ஹெச்.ஓ. அளவில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான். குறைக்காமல் முழுமையாகவே செய்யலாம்.

ஏ.ஐ. படத்தில் ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்துகள் சிதைந்து வருகின்றன. (தஞ்சாவூர் வாசகி)

செயலியிடம் எழுத்துக் கேட்காதீர்கள். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, மூன்று மொழிகளில் ஊர்ப்பெயர், அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம். இதைக் கணினியில் நீங்களே தட்டச்சு செய்து, லேசர் அச்சில் எடுத்து அட்டையில் ஒட்டினால் கால் மணி நேர வேலை.

படத்தில் உள்ள நிறங்களை அப்படியே கலந்து பூசினேன். திரையில் பளிச்சென்று இருப்பது பொம்மையில் கருத்துப்போய்த் தெரிகிறது. (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

திரை தானே ஒளிவிடுகிறது. உங்கள் பொம்மை அறை விளக்கைக் கடன் வாங்கித்தான் தெரிகிறது. தவிரவும், தொலைவில் உள்ள பொருள் காற்றின் ஊடே வெளிறித் தெரிவதற்கு நம் கண் பழகியிருப்பதால், சிறிய பொருளுக்கு உண்மை நிறத்தையே பூசினாலும் அது அழுத்தமாகத் தோன்றும். எல்லா நிறத்திலும் சிறிது வெள்ளையோ வெளிர்சாம்பலோ கலந்துகொள்ளுங்கள். இவ்வளவு சிறிய உருவத்தில் சட்டை மடிப்பின் நிழல் தானாக விழாது. நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, காய்ந்தபின் மேடான இடங்களைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெளிர் வண்ணத்தில் மெல்லத் தேய்த்துவிட வேண்டும். கறுப்பு இன்ஜினுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், அடர்சாம்பல் போதும். மறந்துவிடாமல் இன்னொன்று: பின்னணி மலையைத் தெர்மாகோலில் செதுக்கியிருந்தால் அதன்மேல் நேரடியாக ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிக்கால் கலந்த நீர் வண்ணத்தை இரண்டு பூச்சு பூசி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு அடியுங்கள்.